தினமும் இருபது நிமிடம்

வீட்டு உரிமையாளர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி பத்தரை. கூடத்தின் நடுவில் ஆறு அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவற்றைத் தவிர வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"கட்டிலுக்கு அடியில தள்ளிடலாமா?" என்றான் கணவன். கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பது அவன் வேலை. ஊரார் கண்ணுக்கெல்லாம் துல்லியமாக எண் சொல்வான். சொந்த வீட்டில் காலடியில் கிடப்பது தெரியாது.

"கட்டிலுக்கு அடியில தினமும் துடைக்கறோம். அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அவரு குனிஞ்சு பாக்கப் போறாராக்கும்."

"பாப்பாரு. போன தடவை பாத்த பார்வை எனக்கு இன்னும் மறக்கல."

போன தடவை என்பது இரண்டு வருடத்துக்கு முன்பு. அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அன்று நாற்காலிகளின் மேல் துணி இருந்தது, துணியின் மேல் அவள் பிழை திருத்தக் கொண்டுவந்த பாடப்புத்தகத் தாள்கள், தாள்களின் மேல் ஒரு தட்டு. உட்காருங்கள் என்று அவள் சொன்னபோது அவர் சுற்றிலும் பார்த்து, "எங்க?" என்று கேட்டார். பிறகு பின்பக்கமாகவே நடந்து வெளியே போய், மாடிப்படிச் சுவரில் ஒப்பந்தப் பத்திரத்தை வைத்து, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார். அவர் உட்காராமல் போய்விட்டார். அந்த 'எங்க' மட்டும் அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் பிழை திருத்துபவள். தாளில் ஒரு கால்புள்ளி இடம் மாறினால் கண்ணை உறுத்தும். வீட்டில் ஒரு செருப்பு இடம் மாறிக் கிடந்தால், அதுதான் அதன் இடம் போலிருக்கிறது என்று தாண்டிப் போவாள். நாத்தனார் இதைச் சோம்பல் என்பாள். சோம்பல் இல்லை. ஒரு பொருளை எடுத்து வைக்க வேண்டுமென்றால் அது இனி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். பகல் முழுவதும் பிறருடைய வரிகளில் தீர்மானித்துவிட்டு வருபவளுக்கு, மாலையில் ஓர் ஒற்றைக் காலுறையைப் பற்றித் தீர்மானிக்கத் தெம்பு மிஞ்சுவதில்லை.

ஆனால் இந்த முறை வேறு வழியில்லை. ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. 'ஞாயிறு வருகிறேன். மனைவியும் வருகிறாள்' என்று உரிமையாளர் செய்தி அனுப்பியிருந்தார். மகள் இதுவரை மூன்று பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டாள். இந்தப் பள்ளியில்தான் முதன்முதலாக ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். வீடு போனால் பள்ளி போகும், பள்ளி போனால் தோழி போவாள்.

எனவே அவள் பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தினமும் இருபது நிமிடம். எழுந்ததும் படுக்கையை மடிப்பது. குளித்த கையோடு குளியலறைச் சுவரின் ஈரத்தை வழித்துவிடுவது. வெறுங்கையோடு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகாமல், வழியில் கிடக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு போவது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். இடம் கிடைக்காத பொருளுக்கு ஓர் அட்டைப்பெட்டி. அதன் மேல் 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதினாள்.

பதினெட்டு நாளில் வீடு வளர்ந்தது. துணிக்குவியலுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. நான்கு நாற்காலிகள் இருந்தன; மூன்று என்றுதான் நினைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டியும் வளர்ந்து ஆறாகிவிட்டது.

முதலில் பெட்டிகளைப் பால்கனியில் வைத்தார்கள். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த கண்ணாடிக் கதவு வழியாக ஆறும் உள்ளே எட்டிப் பார்த்தன. கதவு அழுக்காக இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

தூக்கிக்கொண்டு போய் லிஃப்ட் பக்கத்தில் அடுக்கினார்கள். கீழ்வீட்டிலிருந்து குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஏறி வந்தார்.

"வீடு காலி பண்றீங்களா?"

"இல்ல சார். காலி பண்ணாம இருக்கறதுக்குத்தான்."

"நடக்கற வழியில வைக்கக் கூடாது. சுத்தம் பண்றேன்னு உங்க வீட்டுக் குப்பையை எல்லார் வீட்டுக்கும் பொதுவாக்கிடறீங்க."

மிச்சமிருந்தது எதிர்வீட்டு நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே கதவைத் திறந்தாள்.

"ஒரு மணி நேரம்தான்க்கா."

"உள்ள பொணம் கிணம் எதுவும் இல்லையே?"

"இல்லக்கா."

"அப்ப வை. என்னை எழுப்பாத." காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சரியாகப் பதினோரு மணிக்கு உரிமையாளர் வந்தார். வாசலில் நின்று, முன்னேற்பாடாகக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, கையில் ஒரு துணிப்பையோடு, லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொள்வதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலம்மா. பத்திரத்தை எடுத்துட்டு வா, போன தடவை மாதிரி இங்கயே நின்னு போட்டுடறேன்" என்றார் உரிமையாளர்.

"உள்ள வந்து உக்காருங்க சார்."

"எங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கைக்குட்டை மெல்ல இறங்கியது. நான்கு நாற்காலிகளும் காலியாக இருந்தன. இரண்டு வருடத்துக் கணக்கு அந்த ஒரு நொடியில் நேராகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

"ஏங்க, பத்திரத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள் கணவனிடம், பெருமையாக.

அவன் நகரவில்லை. "எங்க வச்ச?"

போன தடவை அது வாஷிங் மெஷின் மேல், இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் இருந்தது. மூன்று நொடியில் எடுத்தாள். குப்பையாக இருந்த காலத்தில் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இப்போது இஸ்திரிப்பெட்டிக்கு இடம் இருந்தது. பத்திரத்துக்கு இடம் கிடைத்ததா என்று யோசித்தாள். கிடைக்கவில்லை.

"எதிர்வீட்ல" என்றாள் தாழ்ந்த குரலில். "எந்தப் பெட்டின்னு தெரியல."

அவனும் மகளும் எதிர்வீட்டு மணியை அடிக்கப் போனார்கள். மணி அடித்தது. பிறகும் அடித்தது.

"வேணும்னா நாங்க இன்னொரு நாள் வர்றோமே" என்றார் உரிமையாளர், நாற்காலி நுனியில் இருந்தபடி.

இன்னொரு நாள் என்றால் இதையெல்லாம் இன்னொரு தடவை செய்ய வேண்டும். "ரெண்டே நிமிஷம் சார். அதுக்குள்ள அம்மாவுக்கு வீட்டைக் காட்டறேன்" என்றாள்.

அம்மாள் ஏற்கெனவே எழுந்து போயிருந்தார். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஜன்னலருகில் நின்றார்.

"இதுல வெயில் வருமா?"

"காலையில ஒம்பது வரைக்கும் வரும்மா. நாற்காலியை இங்க போட்டுக்கிட்டா எழுந்திரிக்கவே மனசு வராது."

"உக்காரு. முட்டி வலிக்குதுன்னு சொன்னியே" என்றார் உரிமையாளர்.

"வலிச்சா சொல்றேன்" என்று அம்மாள் சமையலறைக்குள் போனார். ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துப் பார்த்தார். "துடைச்சு மாளாதோ?"

"இருபது நிமிஷம் போதும்மா. குனியவே வேண்டாம், நீளக்கட்டை போட்ட துடைப்பான் இருக்கு. எந்த வயசுலயும் பண்ணலாம்."

உரிமையாளர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவருக்கு இன்னும் திருப்தியில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். குளியலறையைத் திறந்து, சுவரை வழிக்கும் ரப்பர் பட்டையை ஒருமுறை இழுத்துக் காட்டினாள். அலமாரியைத் திறந்து, மூன்று பேர் துணி போக இன்னும் ஒரு தட்டு காலியாக இருப்பதைக் காட்டினாள். அந்தத் தட்டைக் காலியாக்கியதற்குத்தான் ஐந்தாவது பெட்டி என்பதைச் சொல்லவில்லை.

அம்மாள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார்.

"கதவு மூடுது" என்றது உள்ளிருந்து அவர் குரல்.

"மூடும்மா. தாழ்ப்பாளும் இருக்கு."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வேறு சத்தம் இல்லை.

"என்ன பண்றா உள்ள?" என்றார் உரிமையாளர்.

"பாக்கறாங்க சார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு அதுல. ஏம்மா, இன்னுமா கிடைக்கல அந்தப் பத்திரம்?"

எதிர்வீட்டுக் கதவு திறந்து, நர்ஸின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. பெட்டிகள் கவிழும் ஓசை தொடர்ந்தது. நான்காவது பெட்டியில் கிடைத்தது. கணவன் மூச்சு வாங்க ஓடி வந்து, பத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றைக் காலுறையைப் பிரித்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேசையில் விரித்தான்.

"இன்னும் ரெண்டு வருஷம், சரிதானே?" என்று உரிமையாளர் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு நாள் உழைப்பு ஒரு கையெழுத்தாகப் போகிறது.

படுக்கையறைத் தாழ்ப்பாள் விலகியது. அம்மாள் வெளியே வந்தார். துணிப்பை கையில் இல்லை. உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"பேனாவை மூடுங்க" என்றார் அவர், குரல் உயர்த்தாமல். "ரெண்டு வருஷம் முன்ன நீங்க வந்து பாத்துட்டு, அதுல மனுஷங்க குடியிருக்க முடியாது, நாம மகன் வீட்டு ஹால்லயே படுத்துக் காலத்தை ஓட்டிடலாம்னு சொன்னீங்களே, அது இந்த வீட்டையா?"