சிங்கராஜாவின் கோணல் அடி

வெள்ளையாய், உருண்டையாய் இருக்கும், கொழுக்கட்டை இல்லை. உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு. காய்ச்சல் வந்ததே இல்லை. அடித்தால் அழாது, பறக்கும். அது என்ன?

கோல்ஃப் பந்து. சரியாகச் சொன்னவர்கள் கதை கேட்கலாம். தப்பாகச் சொன்னவர்களும் கேட்கலாம்.

ஒரு காட்டில் நாகலிங்கம் என்ற கருங்குரங்கு புதிதாக வந்து சேர்ந்தது. அதற்கு முன் அது மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானத்து மரத்தில் குடியிருந்தது. பந்து எப்படிப் போகும், ஏன் அப்படிப் போகும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

அந்தக் காட்டு ராஜாவான சிங்கத்துக்கோ கோல்ஃப் பைத்தியம். தன் குட்டி சிங்காரத்துக்கு ஆட்டம் கற்பிக்க ஒரு வாத்தியார் தேவை என்றும், வாத்தியாருக்கு ஆற்றங்கரை அத்திமரம் முழுவதும் சொந்தம் என்றும் ராஜா அறிவித்திருந்தார். அத்திப்பழம் என்றால் நாகலிங்கத்துக்கு உயிர்.

அது முதலில் ராஜாவின் ஆட்டத்தைப் பார்க்கப் போனது. ராஜா கொடியைக் குறிவைத்து அடித்தார். பந்து வலப்பக்கம் வளைந்து போய், புளியமரத்தடிக் குழியில் விழுந்தது. எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள்.

"கொடி நடுவில் இருக்கிறது. குழி ஏன் அங்கே?" என்று நாகலிங்கம் கேட்டது.

"கொடி அழகுக்கு. குழி ராஜாவின் வசதிக்கு," என்றது பஞ்சவர்ணம் என்ற முயல். குழி தோண்டும் வேலை அதனுடையது. "காட்டுக்குப் புதுசா?"

அடுத்த வாரம் பக்கத்துக் காட்டில், அதை ஆளும் புலியம்மாளோடு ராஜாவுக்குப் போட்டி. ஆளுக்கு ஒரே அடி. தோற்றவர் விருந்து வைக்க வேண்டும். நாகலிங்கம் ராஜாவைத் தனியாகப் பார்த்தது.

"உங்கள் பந்து வளைகிறது, ராஜா."

"வளைந்தால் என்ன? குழி தவறியதே இல்லையே!"

"புலியம்மாள் காட்டில் குழி கொடிக்குக் கீழே இருக்கும், ராஜா."

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். "சரி, கற்றுக்கொடு. ஜெயித்தால் அத்திமரம் உனக்கு. ஆனால் நான் பாடம் படிப்பது ஈ எறும்புக்குக்கூடத் தெரியக் கூடாது."

பாறைக்குப் பின்னால் பயிற்சி தொடங்கியது. சிங்காரம் மட்டும் கூட இருந்தது.

"மட்டை வெளியிலிருந்து உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது, ராஜா. அதுதான் கோளாறு. வலது முழங்கை விலாவை ஒட்டி இறங்கட்டும். மட்டை உள்ளிருந்து வந்து பந்தைத் தொட்டு வெளியே போகட்டும்."

பந்துக்கு அப்பால், சற்றுப் பின்னால், நாகலிங்கம் ஒரு பலாப்பழத்தை வைத்தது. மட்டை பழைய வழியில் வந்தால் முதலில் பழம் அடிபடும்.

அடிபட்டது. ராஜாவின் பிடரியெல்லாம் பலாச்சுளை.

"அப்பா, இன்னொரு தடவை தப்பா அடிங்க!" என்றது சிங்காரம், பிடரியை நக்கிக்கொண்டே.

நாளாக நாளாகப் பலாப்பழங்கள் பிழைத்தன. பந்து கயிறு பிடித்தாற்போல நேராகப் போனது. சிங்காரத்துக்குத்தான் வருத்தம்.

போட்டி நாள் வந்தது. ராஜா அடித்தார். பந்து நேரே போய்க் கொடிக்கம்பத்தில் முட்டி நின்றது. நின்றதே தவிர, விழவில்லை. அங்கே குழியே இல்லை. புது மண் போட்டு மூடியிருந்தது.

அடுத்துப் புலியம்மாள் அடித்தாள். அவளுக்கும் ராஜாவின் பழைய வியாதிதான். பந்து வலப்பக்கம் வளைந்து, ஓர் இலுப்பை மரத்தடியில் பொத்தென்று குழிக்குள் விழுந்தது.

"என் காட்டில் அங்கே ஏது குழி?" என்றாள் புலியம்மாள். "ஆனால் நல்ல இடம். அங்கேயே இருக்கட்டும்."

பஞ்சவர்ணம் காதுகளைத் தொங்கப்போட்டபடி முன்னே வந்தது. "உங்கள் மானம் போகக் கூடாதென்று சுரங்கம் போட்டு வந்து முயல்கள் நாங்கள்தான் குழியை மாற்றினோம், ராஜா. நீங்கள் நேராக அடிப்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லையே!"

ராஜா உறுமினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அடி நேர்தானே, ராஜா? அந்த அத்திமரம்…" என்று நாகலிங்கம் இழுத்தது.

"உன் பேச்சைக் கேட்டு நான் தோற்றேன். இந்த முயல் தோண்டிய குழியால் புலி ஜெயித்தாள். வாத்தியார் யார் என்று சிங்காரமே சொல்லட்டும்."

நாகலிங்கம் சிங்காரத்தைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

சிங்காரம் முயலிடம் குழி தோண்டக் கற்றுக்கொள்ளப் போனது.

நீதி: கோணல் அடியை நேராக்க நினைப்பவர்கள், முதலில் குழி தோண்டுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தொடங்கவும்.