சிவராஜ் போட்ட ஒரே கோல்

பேனரைப் பார்த்ததும் சிவராஜ் ஆட்டோவைத் திருப்பச் சொன்னான். பிள்ளையார்பாளையத்துச் சந்தில் ஆட்டோ திரும்புவது நடக்கிற காரியமா? அதற்குள் பக்கத்துவீட்டு இளங்கோவன் மாலையும் சால்வையுமாக ஓடி வந்துவிட்டார்.

‘கோல் வேந்தன் சிவராஜே வருக!’ என்றது பேனர்.

பன்னிரண்டு வருஷம் கோவாவிலும் கொல்கத்தாவிலும் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன் அவன். தடுப்பாட்டக்காரன். கோல் போடுவது அவன் வேலையில்லை. அடுத்தவனைப் போடவிடாமல் மறிப்பதுதான் பிழைப்பு. கொஞ்ச நாளாக முட்டியில் ஊசி போட்டுக்கொண்டு மறித்தான். அம்மா தையல்நாயகி போன் செய்தால், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். “முட்டி எப்படி இருக்குதுபா?” அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் அவன் கால் பட்டு வலைக்குள் போன பந்து ஒன்றே ஒன்று, எட்டு நாளைக்கு முன்னால். அதுவும் சொந்த அணியின் வலைக்குள். மறுநாளே கிளப் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டது. டி.வி.யின் அடியில் ‘சிவராஜ் கோல்’ என்று ஓடிய எழுத்தை மட்டும் பார்த்தவர் இளங்கோவன்.

“அண்ணே, ஊர்வலமெல்லாம் வேணாம். முட்டி வலிக்குது, நடக்க முடியல.”

“நீ எதுக்குபா நடக்கற?”

அம்மன் புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்கும் நாலு பேர் மேளத்தோடு வந்தார்கள். அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அப்படியே தூக்கினார்கள். பழக்கதோஷம், சாமியை ஆட்டுகிற மாதிரியே ஆட்டி ஆட்டி நடந்தார்கள். வாசலில் நின்ற எதிர்வீட்டு மணியம்மாள் யோசிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அண்ணே, அது சின்ன கோல்தாண்ணே. பாக்கற அளவுக்கு ஒண்ணுமில்ல.”

“அடக்கத்தப் பாரு! பாக்கற அளவுக்கு இல்லியா? ஆறு மணிக்குத் திரை கட்டி மேட்சையே போடறோம். தெருவே பாக்கட்டும்!”

சிவராஜ் கூட்டத்தில் தேடினான். “அம்மா எங்கண்ணே?”

“அம்மன் கோயில்ல. உனுக்கோசரம் வேண்டிக்கினு புடவ நெய்ஞ்சாங்களே, தெரியாதா? கரையத் தனியா கோத்து நெய்யற கோர்வைப் புடவ, ஒம்பது கெஜம்! காலையிலதான் தறியில இருந்து அறுத்தாங்க. நீ கோல் போட்ட, வேண்டுதல் பலிச்சிடுச்சி!”

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் இல்லாத ஒரு வெற்றிக்காக அம்மா தன் கையால் நெய்த பட்டை அம்மனுக்குச் சாத்திவிட்டு, ஆறு மணிக்குத் திரைக்கு முன்னால் வந்து உட்காருவாளே!

நாற்காலியிலிருந்து குதித்தான். நொண்டிக்கொண்டே ஓடினான். வீரன் ஓடுகிறான் என்று மேளமும் பின்னால் ஓடியது.

சன்னதியில் தையல்நாயகி தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். பக்கத்தில் காந்தா, அம்மாவோடு அதே தறியில் உட்கார்ந்து, கரையைக் கோர்க்க நூல் நாடாவைக் குறுக்கே விடுகிறவள்.

“அம்மா, குடுக்காதே! அது எங்க வலையிலயே நான் போட்ட கோல். நாங்க தோத்துட்டோம். கிளப்புல போயிடுன்னுட்டாங்க. வேல போச்சிமா. உன் வேண்டுதல் பலிக்கலமா!”

மேளம் நின்றது. இளங்கோவன் சால்வையை மெதுவாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

தையல்நாயகி மகன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, வீங்கியிருந்த முட்டியை ஒருமுறை தடவினாள். நிமிர்ந்து, தாம்பாளத்தைப் பூசாரி கையில் கொடுத்தாள்.

“அம்மா! நான் சொன்னது காதுல விழலியா?”

காந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“நெசவுக்காரன் புள்ள தானே நீ? கோர்வைப் புடவ எட்டு நாள்ல முடியுமா? ஊசி போட்டுக்கினு ஆடுறேன்னு போன மாசம் போன்ல சொன்னியே, அன்னிக்குத் தறியில ஏத்தினது தம்பி இது, ‘கால் ரெண்டும் நல்லா இருக்கும்போதே அவன் வேல போயி வூட்டுக்கு வந்துடணும் தாயே’ன்னு வேண்டிக்கினு!”