டட்சன் கூலாய்க்கு வராது

பெர்மாஸ் ஜெயா,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் காளிதாஸ் அவர்களுக்கு,

நானும் தங்கள் தங்கை பிரேமலாவும் இங்கு நலம். கூலாயில் தாங்களும் அக்காவும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். டட்சன் காரும் நலம், வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் நம்ப வேண்டாம். குரல் பதிவு அனுப்பினால் பாதியில் அணைத்துவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

தங்கள் தந்தையாரின் காரை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சில் தாங்கள் வைத்த நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளிப்புறப் பளபளப்புப் பட்டைகளை வளையாமல் கழற்றி, சாயமடிக்கத் தயாராக வைத்தால் கார் எனக்கு; இல்லையென்றால் இழுவை லாரி வந்து அதைக் கூலாய்க்குத் தங்களிடம் இழுத்துப்போகும். "உங்களால முடியாதுலா மாப்பிள்ள, மைலோ டின்னே ஒழுங்கா தொறக்க மாட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். லாரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பின்பக்கப் பெயர் எழுத்துகளுக்குச் சூடு காட்டி, தூண்டில் நரம்பால் அறுத்து எடுத்தேன். ஓர் எழுத்துகூட உடையவில்லை. சூடு காட்டியது பிரேமலாவின் முடி உலர்த்தி. அது இப்போது குளிர்ந்த காற்று மட்டும் ஊதுகிறது, அது எங்கள் குடும்ப விஷயம். கதவுப் பட்டையை நெம்பப் பிளாஸ்டிக் கருவி வாங்கச் சொன்னார்கள் கடையில். வீட்டில் மரத் தோசைத் திருப்பி இருக்கும்போது எதற்கு? டேப் ஒட்டி, கிளிப் கிளிப்பாக நெம்பினேன். பட்டை நேராக வந்தது. அதன் அடியில் நெடுகச் சிவப்பாக இருந்தது. பிரேமலா ஓடிவந்து, "ஏங்க, சுரண்டாதீங்க! ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அப்பா வெச்ச குங்குமம்ங்க அது!" என்று தடுத்தார். மாமா குங்குமத்தை அள்ளி அப்புகிறவர் என்பதால் நானும் நம்பினேன். ஈரத் துணியால் பக்தியோடு ஒற்றித் தட்டில் சேர்த்தோம். பிரேமலா நெற்றியிலும் வைத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டுப் பெண் கத்தரின், வேலியோரம் நின்று, "அங்கிள், அது துருலா! விரல விட்டுப் பாருங்க, உள்ள போவும்!" என்றார்.

"சர்ச்சுக்குப் போற பிள்ள, உனக்கு என்னம்மா தெரியும் குங்குமத்தப் பத்தி?" என்றார் பிரேமலா.

"குங்குமம் தெரியாது ஆண்டி. ஓட்டை தெரியும்."

விரல் போனது. பிறகு கையும் போனது. அதனால் என்ன? நிபந்தனை பட்டையைப் பற்றியது. ஓட்டையைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமா பொட்டு வைத்த கார் அவர் மருமகன் வீட்டில்தான் நிற்கும். வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள், டீ தருகிறேன், சாவி தர மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் கோபம் தணிய பிரேமலா விளக்கேற்றுவார்.

இம்மியும் விட்டுக்கொடுக்காத,
ஹேமநாதன்.

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படமெடுக்கும் முன் மறுபக்கப் பட்டையையும் இழுத்தேன். பட்டை வளையவில்லை, கதவின் அடிப்பாகம் அதோடு வந்துவிட்டது. லாரியை ஞாயிறுவரை காக்க வைக்காமல் நாளைக் காலையே அனுப்புங்கள். இதைத் தோல்வி என்று யாரும் சொல்லக்கூடாது. பட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் லாரியில் வருகிறேன். கார் தயாராகும்வரை எனக்குத் தங்கள் வீட்டில்தான் சாப்பாடு.