மிக்ஸிங் பாயும் அபிராமத்துச் சேவலும்

உலகத்திலேயே எதையும் வெட்டத் தெரியாத ஒரே வீடியோ எடிட்டர் எங்கள் உச்சிப்புளி மிக்ஸிங் பாய்தான். எங்கள் பக்கம் எடிட்டிங்குக்கு மிக்ஸிங் என்றுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது.

கல்யாணம் மதியத்தோடு முடிந்துவிடும். பாயே கேமரா பிடித்து மிக்ஸிங் போட்டுக் கொடுக்கும் வீடியோ ராத்திரி வரை ஓடும். மாப்பிள்ளை மேடை ஏறுவதற்குள் பார்க்கிறவருக்கு இரண்டு முறை பசி எடுக்கும்.

"பாய், எங்க மாமா பல்லுக் குத்துறதெல்லாம் எதுக்கு?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"துபாய்ல இருக்க ஒங்க தம்பி கேப்பாருல்ல, மாமா நல்லாச் சாப்புட்டாரான்னு? நான் போன் போட்டுச் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

ஆள் வீடியோவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிச் சேர்த்துச் சேர்த்து பாயின் வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியது. பக்கத்து வீட்டில் நான், காலேஜ் லேபில் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவன். ஆல்பத்துக்குப் பழைய விண்டோஸ் இருக்கட்டும், எடிட்டிங்குக்குத் தனியாக லினக்ஸ் என்று இன்னொரு சிஸ்டம் போட்டுவிடலாம் என்றேன்.

"ஒரு பொட்டிக்குள்ள ரெண்டா? சண்டை போட்டுக்கிறாதா?"

"ஒண்ணு முழிச்சிருந்தா இன்னொண்ணு தூங்கும் பாய்."

"அப்ப நல்ல குடும்பம்தான். போடு."

போட டிஸ்கில் இடம் வேண்டுமே! எதை அழிக்கலாம் என்று தேடினேன். அபிராமத்துக் கல்யாண வீடியோவில் பந்தி ஓரமாக ஒரு சேவல் நடந்து போகிறது. நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது.

"இதையாவது அழிப்போமா பாய்?"

"ஏலே தம்பி! அன்னைக்கு அந்தப் பந்தியில இருந்து உசுரோட திரும்புன கோழி அது ஒண்ணுதான். அதப் போயி அழிக்கச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எம்மக நசீமா கல்யாணத்தப்ப நான் சவுதியில வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். சிடி வந்துச்சு. பாட்டு இருக்கு, பூப் பறக்குது, அவ போட்டோ சுத்திச் சுத்தி வருது. எம்புள்ள அழுதுக்கிட்டு கார்ல ஏறுனது மட்டும் இல்ல. கார் போகுது, அம்புட்டுதான். ஏன்யான்னு மிக்ஸிங் போட்டவனக் கேட்டா, பாட்டு முடிஞ்சிருச்சு, வெட்டிட்டேன்ங்குறான்."

மறுநாளே பாய் ராமநாதபுரம் போய்ப் புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். சேவல் தப்பித்தது, லினக்ஸும் குடியேறியது.

அடுத்த பஞ்சாயத்து, கம்ப்யூட்டரைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு. பத்து விநாடி பார்க்கும், பிறகு தானாக ஒன்றுக்குள் போய்விடும். பாய் கொதித்துவிட்டார். "நான் கண்ணாடியத் தேடுறதுக்குள்ள அதுக்கு என்ன அவசரம்? நாம வாரவரைக்கும் நிக்கச் சொல்லு." அப்படியே மாற்றிக் கொடுத்தேன்.

போன வருஷம் பாய் மௌத்தாகிவிட்டார். மலேசியாவிலிருந்து நசீமா வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வாப்பா கம்ப்யூட்டரப் போட்டா ரெண்டு பேரு வந்து அப்புடியே நிக்குது. எத அமுக்கணும்?"

போனேன். மெனு பாய்க்காக நின்றுகொண்டிருந்தது.

"போட்டோ இருக்குண்ணே. போன் மாத்துனதுல வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போயிருச்சு. வாப்பா பேசுறது ஒண்ணாவது வேணும்."

தேடினோம். பல்லுக் குத்தும் மாமா வந்தார், ஜில்லாவே வந்தது, பாய் மட்டும் வரவில்லை. கேமராவைப் பிடித்திருந்தவர் எப்படி வருவார்? பேச்சுக் கேட்கவேண்டிய இடத்திலெல்லாம் பாட்டுப் போட்டிருந்தார், படுபாவி மனுஷன்! நசீமாவின் முகம் வாடிவிட்டது.

சட்டென்று எனக்கு ஞாபகம் வந்தது. சேவலுக்கு யார் பாட்டுப் போடுவார்கள்?

ஓடவிட்டேன். பந்தி ஓரமாகச் சேவல் நடந்தது. கொஞ்சம் நின்று கேமராவைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அந்தக் குரல் கேட்டது.

"பைய போ ராசா, பைய போ. நான் எங்கயும் போகல. இங்கனதான் நிக்கிறேன்."

நசீமா சிரித்தாள், அப்படியே அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். எனக்கு லேபில் வேலை கிடந்தது. இந்தத் தடவை சேவல் நடந்து முடிகிறவரை நானும் உட்கார்ந்திருந்தேன்.