அன்புக்கரசி கல்யாணத்துக்கு நான் கேமரா தூக்க மாட்டேன்

எம்.கே.பி. நகர்,
வியாசர்பாடி.

மரியாதைக்குரிய வேலப்பன் மாமாவுக்கு, மச்சான் பீம்ராவ் எழுதுவது. ஜெய்பீம். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே அக்காவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அன்புக்கரசி கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுக்க வேண்டும் என்கிறீர்கள். போனில் மறுத்தால் அக்கா அழும், நானும் சரி என்று சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் கடிதம். மாமா, என்னை விட்டுவிடுங்கள். நான் தூக்கி வளர்த்த அக்கா பிள்ளையின் கல்யாணத்தை நானே கெடுக்க மாட்டேன்.

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். கப்பலில் வந்த சரக்கில் எது நசுங்கியது, எது கிழிந்தது என்று இன்சூரன்ஸ்காரருக்குப் படம் எடுத்துக் கொடுப்பேன். மொட்டை வெயிலில், நாலு பக்கமும், அடிபட்ட இடத்துக்குக் கிட்டே போய், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுக்க வேண்டும். அந்த வேலை போனதும் அதே கேமராவோடு கல்யாணப் படம் எடுக்க வந்தேன். கண் இன்னும் அந்தச் சரக்கு யார்டிலேயே நிற்கிறது.

ராயபுரத்தில் ஜெரி, சாரா கல்யாணம். எனக்கு வெளியே நின்றால்தான் கை ஓடும் என்று ஜோடியை எண்ணூர் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன், அன்றைக்கென்று காற்று எங்கிருந்தோ கரித்தூளை வாரிக்கொண்டு வந்து வெள்ளை கவுனில் கொட்டியது, தட்டிவிட வேண்டியவன் பழக்க தோஷத்தில் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கறைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன், சாரா அழுதாள், அதையும் எடுத்தேன். "இன்னா நைனா, கவுனு பாழாப்பூட்ச்சேன்னு நான் வயிறெரிஞ்சுகினு கீறேன், நீ அளவு எடுத்துகினு கீற?" என்று அவள் அம்மா என் மேல் பாய்ந்தார். அடுத்தது சாத்தாங்காட்டு இரும்பு வியாபாரி மகன் கல்யாணம், நாலு பக்கம் என்றால் பின்பக்கமும் உண்டுதானே, மாப்பிள்ளைக்கு உச்சியில் வழுக்கை இருப்பது பெண் வீட்டாருக்கு ஆல்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அதோடு ஏரியாவில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மனசு விட்டுப் போச்சு மாமா. சிரிக்கிற முகத்தைப் பார்த்தாலும் எங்கே கீறல் என்றுதான் தேடுகிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அன்பு முகத்தில் அப்படித் தேட என்னால் முடியாது. என் தோஸ்து முபாஷிரைக் கூப்பிடுங்கள். புகையெல்லாம் விட்டு ஜோராக எடுப்பான், சண்டை வராது.

பிள்ளைகள் இரண்டும் மனம் ஒத்து நெடுநாள் வாழட்டும். அக்காவிடம் சமயம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
பீம்ராவ்

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது என் போட்டோ கடை வாசலில் மதி வந்து நின்றாள். தண்டையார்பேட்டை மங்கம்மாவின் மகள். போன தை மாதம் அவள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன்.

"அண்ணே, கல்யாணத்தன்னிக்கு எடுத்ததுல என் கை தெரியற மாரி ஒண்ணு கீதா?"

எதற்கம்மா என்றேன். சுடிதார் கையை மேலே தள்ளிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் சூடு வைத்த தழும்பு.

"இது சின்ன வயசுலேந்தே கீதுன்னு மாமியா வூட்ல ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்கண்ணே. வேற எவனும் கைய எடுக்கல. மூஞ்சியதான் எடுத்துகினு கீறானுங்க."

தேடிப் பார்த்தேன். பதினொரு படம் இருந்தது. இரண்டு கையும், தேதியோடு, ஒரு தழும்புகூட இல்லாமல். எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவற்றில் தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

மாமா, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். முபாஷிரிடம் பேச வேண்டாம். முந்தின நாளே வந்துவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு முகம் சுளித்தாலும் அன்புவை நான்தான் எடுப்பேன். அந்தப் படங்கள் ஒரு நாளும் யாருக்கும் தேவைப்படக் கூடாது.