மச்சினன் பழகிய கீபோர்டு

மனைவி சொல்லை அவர் தட்டியதே இல்லை. மற்றதையெல்லாம் தட்டுவார்; பிழைப்பே அதுதான். நீதிமன்ற விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பவர். சாட்சி வாயை மூடுவதற்குள் இவர் அடித்து முடித்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவரும் இவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் முதல் தடவையாக மனைவி சொல்லைத் தட்டினார்.

மணிக்கட்டு வலியில் பாட்டில் மூடியை அவர் பல்லால் திறப்பதைப் பார்த்துவிட்டு, அவள் ஒரு கீபோர்டு வாங்கி வந்திருந்தாள். நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தது.

"என்ன இது, சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடக்கு?"

"உங்க கை திரும்பாம இருக்கத்தான் அது திரும்பியிருக்கு. அடிச்சுப் பாருங்க."

'நீதிபதி எழுந்தார்' என்று அடித்தார். 'நிதிபதி விழுந்தார்' என்று வந்தது. அவள் களுக்கென்று சிரித்தாள். அவர் சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

"இது சரிப்படாது."

"கொஞ்ச நாள் மெதுவா அடிங்களேன்."

"மெதுவாவா? நானா?"

அந்த 'நானா'வில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷனுக்கு வலிகூடப் பெரிதில்லை. இந்த வயதில் மறுபடி அரிச்சுவடியில் உட்காருவதை யாரும் பார்த்துவிடக் கூடாது, அதுதான் பயம்.

"சரி, விடுங்க. என் தம்பியும் இதே மாதிரி வாங்கிப் பழகிட்டானாம். உங்களைவிட வேகமாம். நான் அவன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

"உன் தம்பியா? என்னைவிடவா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஆளில்லாத வீட்டில் அவர் எழுத்து எழுத்தாகத் தடவினார். தப்பாக அடித்தார், அழித்தார், மச்சினனைத் திட்டினார். யாரும் சிரிக்கவில்லை. பார்க்க ஆளில்லாதபோது தப்பு அவ்வளவு பெரிய அவமானமாகத் தெரியவில்லை. இதற்கா இத்தனை நாள் வலியைச் சுமந்தோம் என்றிருந்தது. மெல்ல மெல்ல விரல்களுக்கு வழி தெரிந்தது. ஒரு நாள் காலையில் பாட்டில் மூடி கையாலேயே திறந்தது.

அவள் தம்பியோடு திரும்பி வந்தாள்.

"வா மச்சான், போட்டிக்கு வா! யார் வேகம்னு பார்த்துடலாம்."

மச்சினன் விழித்தான். "என்ன மாமா போட்டி? நான் போன்லயே ஒத்தை விரலால தட்டுற ஆளு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவளோ கூன் விழுந்து கிடந்த அவருடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இவன் புதுசா ஒரு நாற்காலி வாங்கியிருக்கான். முதுகுவலியே போயிடுச்சாம்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கடையில வாங்கின?"