தீர்மானம் எண் நாற்பத்து மூன்று

மானுடம் கண்ட மாபெரும் கண்டுபிடிப்பு தீயும் அன்று, சக்கரமும் அன்று. கூட்டக் குறிப்பே ஆகும். தீயில் கை சுட்டதுண்டு. சக்கரத்தில் கால் நசுங்கியதுண்டு. கூட்டக் குறிப்பால் எவருக்கேனும் ஒரு கீறல் விழுந்ததாக எந்தக் கூட்டக் குறிப்பிலும் பதிவு இல்லை.

இதனைப் போகிற போக்கில் சொல்லவில்லை. பூமியிலிருந்து ஏழு மாதப் பயணத் தொலைவில் மிதக்கும் ஆய்வு நிலையத்தின் செயலர் என்ற பொறுப்பில் நின்று சொல்கிறேன். இங்கு நாங்கள் ஐவர்: தலைவர், மருத்துவர், பொறியாளர், சமையற்காரர், அடியேன். பொறியாளர் தலைவருடைய மனைவியின் தம்பி. எனவே அவரது நியமனம் முற்றிலும் 'தகுதியின் அடிப்படையில்' நிகழ்ந்தது. உதவிக்கு இரண்டு இயந்திர மனிதர்கள். சின்னவன் பாத்திரம் துலக்கும். பெரியவன் கதவுகளைத் திறந்து மூடும். தீர்மானம் இல்லாமல் பெரியவன் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பாது. அந்நற்பண்பை அதற்குப் புகட்டியவன் நானே.

சென்ற புதன்கிழமை நண்பகல், சாப்பாட்டு மணி அடித்தும் தலைவர் வரவில்லை. அவர் கூட்டங்களுக்கு வராமல் இருந்ததுண்டு. சாப்பாட்டுக்கு வராமல் இருந்ததில்லை. தேடினோம். குளிர் அறையில், அன்னாசித் துண்டு டப்பா ஒன்றை மார்போடு அணைத்தவாறு உறைந்து கிடந்தார்.

தலைமையகத்திலிருந்து உடனே ஆணை வந்தது: நிலையத்தின் காற்றுப் பொறி பழுதாகிவிட்டதால் அருகே சென்றுகொண்டிருக்கும் மீட்புக் கப்பல் ஒன்று அடுத்த வாரம் வரும், கொலையாளியைக் கண்டறிந்து ஒப்படைத்த பின்னரே மற்றவர்கள் ஏற்றப்படுவர். ஆகவே நேற்று, செவ்வாய்க்கிழமை, வழக்கமான வாராந்தரக் கூட்டத்தில் கொலையை மூன்றாம் பொருளாகச் சேர்த்தேன். இரண்டாம் பொருள், குளியலறைக் குழாய் ஒழுகுதல்.

"இங்க பாருங்க," என்றார் மருத்துவர். "சனிக்கிழமைக்கு மேல மூச்சு விடக் காத்து கிடையாது. குழாயெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

"முதல்ல போன கூட்டத்துக் குறிப்ப ஏத்துக்கணும்ங்க டாக்டரம்மா," என்றேன்.

"எங்க அத்தான் விறைச்சுக் கிடக்காரு, இவருக்குக் குறிப்பு கேக்குது!" என்று பொறியாளர் மேசையைக் குத்தினார். "எல்லாம் இந்தச் சமையல்காரர் வேலைதான். அன்னாசி போச்சு அன்னாசி போச்சுன்னு ஒரு மாசமா பொருமினது யாரு? கதவப் பூட்டணும்னு தீர்மானம் கொண்டு வந்தது யாரு?"

"வாய அடக்கு தம்பி," என்றார் சமையற்காரர். "திருடித் தின்னது உங்க அத்தான். அந்தத் தீர்மானத்துல முதல் கையெழுத்தும் அவரோடதுதான்."

"அவர் என்ன, படிச்சுப் பாத்தா போட்டாரு?"

"நீ படிச்சியா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? அவரு போட்டிருந்தாரு, நானும் போட்டேன்."

ஒருவர்மேல் ஒருவர் வைத்த இத்தகைய நம்பிக்கையில்தான் எங்கள் நிலையம் இயங்கி வந்தது.

தீர்மானம் எண் நாற்பத்து மூன்று தெளிவானது: 'காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை குளிர் அறைக் கதவு திறக்கப்படலாகாது, எவர் தட்டினும்.' எட்டு அடிக்கச் சில நொடிகள் இருக்கையில் தலைவர் உள்ளே நழுவியிருக்கிறார். எட்டு மணிக்குப் பெரியவன் கதவைப் பூட்டியிருக்கிறது.

பெரியவனைச் சாட்சியம் கூறப் பணித்தேன். அது எழுந்து நின்றது.

"காலை எட்டு மணி இரண்டு நிமிடம். தலைவர் உள்ளிருந்து தட்டினார். 'திறடா' என்றார். தீர்மானத்தின்படி இயலாது என்றேன். 'நான்தான்டா தலைவர்' என்றார். 'எவர் தட்டினும்' என்ற பகுதியை வாசித்தேன். 'எந்த மடையன்டா இதுல கையெழுத்துப் போட்டான்?' என்று வினவினார். கதவுக் கண்ணாடியில் தாளை வைத்துக் கையெழுத்தைக் காட்டினேன். தலைவர் அன்னாசி டப்பாவோடு தரையில் அமர்ந்தார்."

"அப்புறம்?"

"தீர்மானத்தைத் தளர்த்தும் அதிகாரம் உறுப்பினர்களுக்கே உண்டு. ஆகவே நால்வருக்கும் அவசரச் செய்தி அனுப்பினேன்: 'தலைவர் உள்ளே சிக்கியுள்ளார். கதவைத் திறக்கலாமா?'"

மருத்துவர் தம் நகங்களை ஆராயத் தொடங்கினார்.

"மருத்துவர் 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தினார். பொறியாளர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். அதன் பொருள் யாது என்று கேட்டேன். இன்னொரு கட்டைவிரல் வந்தது. சமையற்காரர் 'கொஞ்சம் நடுங்கட்டும்' என்று எழுதினார். எவ்வளவு என்று குறிப்பிடவில்லை. செயலர்..."

நேரமின்மை கருதி இத்துடன் நிறுத்தலாம் என்றேன்.

"செயலர், 'அடுத்த செவ்வாய்க் கூட்டத்தில் வைக்கவும்' என்று எழுதினார்."

குழாய் ஒழுகும் ஓசை எங்கள் அறைவரை கேட்டது.

"ஐயையோ, அப்ப நாம நாலு பேருமா?" என்றார் மருத்துவர். பிறகு அறிவியலாளருக்கே உரிய தெளிவோடு, "நாலு பேரையும் ஒப்படைச்சா கப்பல்ல யாரு ஏறுறது?" என்றார்.

நான் ஒரே ஒரு வினாவை எழுப்பினேன். "பெரியவனே, கதவப் பூட்டினது யாரோட கை?"

"என் கை."

வழக்கு துலங்கிவிட்டது.

"பாவம்ங்க அது," என்றார் சமையற்காரர். "நாம சொன்னதத்தானே செஞ்சுது?"

"அண்ணே, சனிக்கிழமை," என்றார் பொறியாளர்.

சமையற்காரர் கையெழுத்திட்டார். பெரியவனே கொலையாளி என்னும் நாற்பத்து நான்காம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதனைப் பிழையின்றிப் படியெடுத்துத் தந்ததும் பெரியவனே.

நான்காம் பொருள் எஞ்சியிருந்தது: 'தலைவருக்குக் கதவைத் திறத்தல்.' சென்ற புதனன்று நானே சேர்த்தது. விதிப்படி விட்டுவிட இயலாது. அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. பெரியவன் அக்கணமே சென்று குளிர் அறைக் கதவை அகலத் திறந்து, "தாங்கள் இப்போது வரலாம்" என்றது.

குறிப்பை மீட்புக் கப்பலுக்கு அனுப்பினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, வந்த பதிலை இருமுறை உரக்க வாசித்தேன்: 'இத்துணைச் சீரான நடைமுறையை யாம் கண்டதில்லை. எமது கப்பலிலும் இன்று முதல் இதனையே பின்பற்றுகிறோம்.'

இன்று காலை கப்பல் வந்து இணைந்தது. கொலையாளியை முறைப்படி ஒப்படைத்தோம். கதவு மூடிக்கொண்டது. நால்வரும் பெட்டிகளோடு வரிசையில் நின்றோம். ஒரு மணி நேரம் கழித்துப் பொறியாளர் தட்டினார்.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் பெரியவன் வந்து நின்றது. அதன் கீழ்ப்படிதலைக் குறிப்பில் படித்து வியந்து, வந்தவுடனே வாயிற்பணியில் அமர்த்திவிட்டார்களாம்.

"டேய், திறடா!" என்றார் பொறியாளர்.

"தங்கள் வேண்டுகோள் கப்பலின் உறுப்பினர் அறுவருக்கும் அனுப்பப்பட்டது," என்றது பெரியவன். "இருவர் பார்த்துவிட்டனர். மூன்று கட்டைவிரல்கள் வந்துள்ளன. கப்பலின் செயலர், அடுத்த செவ்வாய்க் கூட்டத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்."

இன்று புதன்கிழமை.

"சனிக்கிழமையோட காத்து தீந்துடும்னு சொல்லுப்பா!" என்று மருத்துவர் கண்ணாடியை அறைந்தார். "எந்த மடையன்யா இவங்களுக்கு இந்த முறையக் கத்துக் குடுத்தது?"

பெரியவன் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டியது. அடியில் என் கையெழுத்து இருந்தது, மிகவும் தெளிவாக.

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள், ஒருமனதாக.